பயிற்சி அறையில் யார் வேலை செய்கிறார்கள்?

பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் கடிதங்களைக் கையால் பிரிக்கும் காலம் முடிந்து, அஞ்சல் குறியீட்டை இயந்திரத்தில் தட்டிப் பிரிக்கும் காலம் வந்தபோது, தட்டச்சுப் பழக்கமே இல்லாத தபால்காரர்களுக்கு விசைப்பலகையைப் பழக்க வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பழக்குவது? உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் லாங்மனும் தபால்காரர்களை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் குழுவுக்கு நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம். இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் வீதம் இரு வேளை. மூன்றாவதற்கு ஒரே வேளையில் இரண்டு மணி நேரம். நான்காவதற்கு இரண்டு மணி நேரம் வீதம் இரு வேளை, ஆக நான்கு மணி நேரம். 1978இல் முடிவு வெளியானது. நான்கு மணி நேரக் குழு 80 மணி நேரம் பழகி வந்து சேர்ந்த இடத்துக்கு, ஒரு மணி நேரக் குழு 55 மணி நேரத்திலேயே வந்துவிட்டது.

இடைவெளி விட்டுப் பழகினால் நன்றாகப் பதியும் என்பது 1885இல் எபிங்ஹாஸ் நினைவாற்றலைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே தெரிந்த செய்திதான். இந்த ஆய்வில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. பயிற்சி பிடித்திருந்ததா என்றும் தபால்காரர்களிடம் கேட்டார்கள். மிகக் குறைந்த மணி நேரத்தில் கற்றுக்கொண்ட ஒரு மணி நேரக் குழுவுக்குத்தான் மற்ற எல்லாக் குழுக்களையும்விட மனக்குறை அதிகம். அவர்கள் மணிக்கணக்கைப் பார்க்கவில்லை, நாள்கணக்கைப் பார்த்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 80 மணி நேரத்தை நான்கு மணி நேரக் குழு நான்கே வாரத்தில் முடித்துவிடும். இவர்கள் 55 மணி நேரத்தைத் தொடப் பதினொரு வாரம் ஆகும். பக்கத்து அறைக்காரன் நம்மைவிட வேகமாகத் தட்டுகிறானே என்ற எண்ணம் வராமல் இருக்குமா?

அவசரத்துக்கு ஆள் வேண்டிய நிர்வாகம் நான்கு வாரத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதையும் தவறென்று சொல்ல முடியாது. ஆளுக்கு 25 மணி நேரச் சம்பளத்தை அவசரத்தின் விலையாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி. நம் ஊர் நிறுவனங்களில் பெரும்பாலும் அந்தக் கணக்கே போடப்படுவதில்லை. இரண்டு நாள், காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை என்ற பயிற்சி வடிவம் எப்படி வந்தது என்று யோசித்தால், ஹால் வாடகை, வெளியூர்ப் பயிற்றுநரின் நாள்கட்டணம், கிளைகளிலிருந்து வருபவர்களின் ரயில் டிக்கெட் ஆகிய மூன்றும்தான் அதன் பெற்றோர். மனித நினைவு எப்படி இயங்குகிறது என்பதற்கு அதில் பங்கே இல்லை.

கற்பவர் தன் கற்றலைத் தானே அளந்து சொல்வதில் தவறிவிடுகிறார் என்பதைத் தபால்காரர்களுக்குப் பிந்தைய ஆய்வுகளும் வலுவாகக் காட்டியிருக்கின்றன. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று எளிமையானது. ஒரு குழு உரைநடைப் பகுதி ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, அதன்பின் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதி எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களே முன்னே: 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பப் படித்தவர்கள்தான்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில் லூயி டெலோரியேவும் சகாக்களும் செய்து 2019இல் வெளியிட்ட சோதனை இன்னும் நெருக்கமானது. ஒரே பாடம், ஒரே அச்சுத்தாள்கள். ஒரு பிரிவில் தேர்ந்த ஆசிரியர் சரளமாக விரிவுரை ஆற்றுகிறார். மற்றப் பிரிவில் மாணவர்களே சிறு குழுக்களாகக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள், பிறகுதான் ஆசிரியர் விடையை விளக்குகிறார். அடுத்த பாடத்துக்குப் பிரிவுகள் இடம் மாறுகின்றன. தேர்வில் மல்லுக்கட்டியவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். ஆனால், நிறையக் கற்றுக்கொண்டதாக நம்பியவர்கள் விரிவுரை கேட்டவர்கள். சரளமான பேச்சைக் கேட்கும்போது அந்தச் சரளம் நமக்கே வந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. தடுமாறுவதோ, அந்த நேரத்தில், புரியாததன் அடையாளமாகத்தான் தெரிகிறது.

இப்போது பயிற்சியின் முடிவில் நம் கைக்கு வரும் படிவத்தை நினைத்துப் பாருங்கள். பயிற்றுநர் எப்படி? அறை வசதியாக இருந்ததா? உணவு? ஐந்துக்கு எத்தனை? எச்.ஆர். துறை அந்தப் படிவங்களின் சராசரியை வைத்து அடுத்த ஆண்டும் அதே பயிற்றுநரை அழைப்பதா என்று முடிவு செய்கிறது. பயிற்சியை மதிப்பிட நான்கு நிலைகளை 1959-60இல் எழுதிய அமெரிக்கர் டொனால்ட் கிர்க்பாட்ரிக், பங்கேற்றவரின் மனநிறைவை முதல் நிலையாக மட்டுமே வைத்தார். கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா என்பவை அதற்கு மேலே. பெரும்பாலான நிறுவனங்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டன. 1997இல் ஜார்ஜ் அலிஜரும் சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பிடித்திருந்தது என்ற பதிலுக்கும் கற்றதற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. இது என் வேலைக்கு உதவும் என்ற பதிலுக்காவது ஓரளவு தொடர்பு இருந்தது. படிவத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் எதைக் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அப்படியானால் பயிற்சி சலிப்பாக இருந்தால்தான் நல்லதா? இல்லை. ஈடுபாடு என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் குழப்பம். பாட்டுப் பாடவைப்பதும், பலூன் ஊதவைப்பதும், பயிற்றுநர் வடிவேலு வசனம் பேசிக் காட்டுவதும் அறையைக் கலகலப்பாக்கும். அதில் தவறில்லை, பின்மதியத் தூக்கம் கலையும். ஆனால் அறையில் உள்ளவர் தன் வேலையின் ஒரு துண்டைக் கையில் எடுத்து, அதில் தடுமாறி, திருத்திக்கொள்ளும்போது வருகிற ஈடுபாடு வேறு வகை. அதை எப்படி வடிவமைப்பது என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு எண்பது ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் ஒரு ஸ்லைடுகூடக் கிடையாது.

1940 ஆகஸ்டில், போர் நெருங்குவதை உணர்ந்த அமெரிக்க அரசு ஆலைகளின் உற்பத்தியைப் பெருக்க ஓர் அமைப்பை நிறுவியது. தொழிலகத்துக்குள்ளேயே பயிற்சி என்பது அதன் பெயர், சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. எண்ணெய் நிறுவனத்திலிருந்து வந்த சானிங் டூலியும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கிலிருந்து வந்த வால்டர் டீட்ஸும் அதை நடத்தினார்கள். முதலில் வந்த சிக்கல்களில் ஒன்று, ராணுவக் கருவிகளுக்கு லென்ஸ் தீட்டும் கைவினைஞர்கள் போதவில்லை என்பது. முழு வினைஞர் உருவாக ஆண்டுகள் ஆகும் என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. டூலியும் டீட்ஸும் வகுப்பறையைத் தேடவில்லை. பட்டறைக்குப் போய், ஒரு லென்ஸ் வினைஞர் உண்மையில் என்னென்ன செய்கிறார் என்று வேலை வேலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தேர்ந்த கை தேவைப்படாத வேலைகள். அவற்றை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டு, உண்மையிலேயே நுட்பமான சிலவற்றை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஆண்டுக்கணக்கு மாதக்கணக்காகச் சுருங்கியது. பயிற்சி வடிவமைப்பில் மிகப் பெரிய மிச்சம் இங்கேதான் இருக்கிறது: எதைக் கற்பிக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடிப்பதில். இன்றைக்கு ஒரு பயிற்சிக்கான ஸ்லைடுகளைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால், யாருக்கோ ஏதோ விட்டுப்போகும் என்று பயந்து கூட்டத்தான் செய்வோம்.

லென்ஸ் அனுபவத்திலிருந்தும், முதல் உலகப் போரில் கப்பல் கட்டும் தளங்களுக்காகச் சார்லஸ் ஆலன் வகுத்திருந்த நான்கு படி முறையிலிருந்தும் பிறந்தது, மேற்பார்வையாளர்களுக்கு வேலை கற்பிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள், ஆக பத்து மணி நேரம். ஒரு குழுவில் சுமார் பத்துப் பேர். முதல் அமர்வில் ஒரு முடிச்சு வரும். விளக்குத் தொங்கும் இரட்டை இழை மின்கம்பியைச் சாக்கெட்டுக்குள் இப்படி முடிந்து வைத்தால், கம்பியை யாராவது இழுத்தாலும் பாரம் திருகாணிகளில் விழாது. பயிற்றுநர் ஒருவரை முன்னால் அழைத்து, முடிச்சைப் போடும் விதத்தை வாயால் மட்டும் சொல்வார். வலப்பக்க இழையை எடு, வளையம் செய், பின்னால் கொண்டு போ. அழைக்கப்பட்டவர் திணறுவார். அடுத்து இன்னொருவரை அழைத்து, ஒன்றும் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அவருக்கும் வராது. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் பல ஆண்டுகள் புதியவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்து, வரவில்லை என்றால் மண்டையில் ஒன்றுமில்லை என்று திட்டியவர்கள். அதைப் பயிற்றுநர் எடுத்துச் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்றாவது முறைதான் சரியான முறை. அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று கேட்டு, இந்த முடிச்சு எதற்கு என்று சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு படியாகச் செய்து காட்டி, எந்த இடத்தில் கை தவறும் என்பதை அழுத்திச் சொல்லி, அவரையே செய்ய வைத்து, இன்னொருமுறை செய்யும்போது ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவர் வாயாலேயே விளக்க வைப்பது. முடிச்சு வந்துவிடுகிறது. கவனியுங்கள், முதலில் கோட்பாடு, பிறகு விளக்கப்படம் என்ற வரிசை இங்கே இல்லை. முதலில் தோல்வி. அதுவும் தாங்கள் அன்றாடம் செய்யும் தவறே கண்முன் தோற்பதைப் பார்ப்பது. அதன் பிறகு சொல்லப்படும் நான்கு படிகள் காதில் ஏறாமல் போகுமா?

அடுத்த அமர்வுகளை ஒவ்வொருவரும் தங்கள் ஆலையிலிருந்து கொண்டுவரும் ஒரு வேலையே நிரப்பியது. வால்வைப் பொருத்துவதோ, அளவுமானியைப் படிப்பதோ எதுவானாலும், அதைப் படிகளாகவும் கவனிக்க வேண்டிய நுணுக்கங்களாகவும் ஒரு தாளில் பிரித்து எழுதி, குழுவில் ஒருவருக்கு அங்கேயே கற்பித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். பயிற்றுநர் பேசியது குறைவு, பங்கேற்றவர்கள் உழைத்தது அதிகம். முடிவில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள, அந்த நான்கு படிகள் கொண்ட ஒரு சிறிய அட்டை. பயிற்றுநர்களும் மனம்போனபடி நடத்த முடியாது. நிமிட அளவில் வகுத்த கையேட்டைப் பார்த்தே நடத்த வேண்டும், அதிலிருந்து விலகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. படைப்பூக்கத்தைக் கொல்லும் விதி என்று இன்றைய பயிற்றுநர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் 1945இல் திட்டம் முடிவதற்குள் 16,500க்கு மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்று பெற்றது இந்தக் கண்டிப்பால்தான். பேச்சாற்றல் உள்ளவர்களை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை பேரைப் பத்து ஆண்டுகளிலும் தொட்டிருக்க முடியாது.

முடிச்சு சரி, வால்வு சரி. தலைமைப் பண்பு, தகவல் பரிமாற்றம் போன்றவற்றை எப்படிப் படி படியாகப் பிரிப்பது என்று கேட்பார்கள். விமானத் துறையின் கதை இதற்குப் பதில். 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் ஒன்று போர்ட்லாந்து நகரருகே வந்தபோது சக்கரம் இறங்குவதில் சந்தேகம் எழுந்தது. அதைச் சரிபார்ப்பதிலேயே மூழ்கிய கேப்டன் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் குறைவதைச் சகாக்கள் சொன்னார்கள், ஆனால் கேப்டனுக்கு உறைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு நாசா கூட்டிய கருத்தரங்கிலிருந்து விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் பேசிப் பணியாற்றும் பயிற்சி பிறந்தது. 1981இல் யுனைடெட் அதைத் தொடங்கியது. ஆரம்பக் காலத்தில் ஆளுமை வகைகள், நிர்வாகப் பாணிகள் என்று வகுப்பறையில் உட்காரவைத்தபோது, நாகரிகம் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் என்று விமானிகள் பலர் கிண்டலடித்தார்கள். அவர்கள் கிண்டலில் நியாயம் இருந்தது.

பிறகு வந்த வடிவம் வேறு. முழுக் குழுவும் சிமுலேட்டரில் ஏறி, புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை முழுப் பயணமும் போகும். நடுவில் ஒரு கோளாறு வரும். பயிற்றுநர் குறுக்கிட மாட்டார். எல்லாம் காணொளியில் பதிவாகும். முடிந்தபின் அதைப் போட்டுப் பார்த்து, எந்த நிமிடத்தில் யார் எதைச் சொல்லாமல் விழுங்கினார்கள் என்று குழுவே பேசும். தகவல் பரிமாற்றம் என்ற பெரிய சொல் இங்கே ஒரு சிறு செயலாக இறங்கிவிட்டது: எரிபொருள் இன்னும் இத்தனை நிமிடம்தான், இப்போதே இறங்க வேண்டும் என்று இளையவர் மூத்தவரிடம் வாய்விட்டுச் சொல்வது. அதைப் பழகலாம், பார்க்கலாம், திருத்தலாம்.

நம் நாட்டில் சட்டமே கட்டாயமாக்கிய பயிற்சி ஒன்றுக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறேன். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விழிப்புணர்வுப் பயிலரங்குகளை நடத்தும் பொறுப்பை முதலாளியிடம் கொடுத்திருக்கிறது. பல இடங்களில் அது சட்டப்பிரிவுகளை வாசிக்கும் ஸ்லைடுகளாகவும், முடிவில் பத்துக் கேள்விகளாகவும் முடிகிறது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை என்பதை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். உள் புகார்க் குழு உறுப்பினருக்கு வருகிற உண்மையான தருணம் வேறு: மாலை ஆறு மணிக்கு ஒரு பெண் அறைக் கதவருகே நின்று, எழுதித் தரப் பயமாயிருக்கு மேடம், சும்மா சொல்லிட்டுப் போறேன் என்கிறார். அப்போது முதல் வாக்கியமாக என்ன சொல்வது? எதை வாக்குறுதியாகக் கொடுக்கக் கூடாது? என்னைக் கேட்டால் அந்தப் பயிற்சியின் பாதி நேரத்தை இந்த ஐந்து நிமிட உரையாடலை இருவர் இருவராக நடித்துப் பார்த்து, சட்டத்தை அதிலிருந்து திரும்பிப் படிப்பதற்கே ஒதுக்குவேன்.

இத்தகைய அமர்வில் பயிற்றுநரின் வேலை குறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. கேள்வி கேட்டபின் காத்திருப்பதே அதில் கடினமான பகுதி. அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோவ், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் கண்டார். மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீண்டன, தெரியாது என்பவர்கள் குறைந்தார்கள், கேட்காமலே பேசுபவர்கள் கூடினார்கள். நம் அலுவலகங்களுக்கு மூன்று விநாடி போதாது. அறையில் மேலதிகாரி உட்கார்ந்திருந்தால் மூன்று நிமிடம் காத்தாலும் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பதிலை முதலில் தனித்தனியாகத் தாளில் எழுதவைத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசவைத்து, அதன் பிறகே பொதுவில் கேட்பது இங்கே சிறப்பு உத்தி என்பதைவிட அடிப்படைத் தேவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் யோசித்துத் தமிழில் வேலை வாங்கும் ஃபோர்மேன்களுக்கு ஆங்கிலத்தில் பயிற்சி நடத்திவிட்டு, பங்கேற்பு குறைவு என்று அறிக்கை எழுதுகிற வழக்கத்தை எந்த உத்தியாலும் ஈடுகட்ட முடியாது.

பயிற்றுநர்களுக்கான பயிற்சிகளிலேயே ஒரு பிரமிடுப் படம் உலவுகிறது. படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20, செய்ததில் 90 நினைவிருக்கும் என்று. அதற்கு மூலமாகக் காட்டப்படும், எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட கூம்புப் படத்தில் எண்களே இல்லை. பின்னால் யாரோ ஒட்டிய முழு எண்கள் அவை, அவற்றுக்குப் பின்னே ஆய்வு எதுவும் இல்லை. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்துக் கற்பிக்கும் கொள்கைக்கும் போதிய சான்று இல்லை என்று பாஷ்லர் குழுவினர் 2008இல் பரிசீலித்து எழுதினார்கள். செய்து கற்பது நல்லது என்ற முடிவு சரியாக இருப்பதால் பொய்க் கணக்கை மன்னித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, அறைக்கு வெளியே நடப்பது. 1988இல் பால்ட்வினும் ஃபோர்டும் பயிற்சி வேலைக்குள் போய்ச் சேர்வதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டியபோது மூன்று காரணிகளைப் பிரித்தார்கள்: கற்பவர், பயிற்சியின் வடிவம், வேலைச் சூழல். மூன்றாவதில் முதல் ஆள் நேரடி மேலதிகாரி. டி.டபிள்யூ.ஐ. அட்டையின் நான்காவது படியும் இதுதான்: ஆளைத் தனியே விடு, சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று காட்டு, முதலில் அடிக்கடி போய்ப் பார், பிறகு மெல்லக் குறைத்துக்கொள். இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அங்கே கற்பிப்பவரே மேற்பார்வையாளர். போர் முடிந்ததும் அமெரிக்கா திட்டத்தை மூடிவிட்டது. ஜப்பானுக்குப் போன அந்த முறையை டொயோட்டா 1951இல் எடுத்துக்கொண்டு விடாமல் வளர்த்தது. புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது குழுத் தலைவரின் பணிக்குள்ளேயே அங்கு அடங்கியிருக்கிறது.

வெளியிலிருந்து பயிற்றுநரை அழைக்கும் நிறுவனத்தில் அந்த நான்காவது படிக்கு ஆளே இல்லை. ஆகவே ஒப்பந்தம் பேசும்போதே இரண்டு நாளை ஒன்றரை நாளாக வெட்டி, மீதி அரை நாளை மூன்று வாரம் கழித்து ஒன்று, ஆறு வாரம் கழித்து ஒன்று என்று இரண்டு சிறு அமர்வுகளாக வைக்கச் சொல்லலாம். அவற்றில் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். இடையில் செய்து பார்த்தது என்ன, எங்கே தடுக்கியது என்பது மட்டும். பங்கேற்பவர்களின் மேலாளர் அந்த இரண்டுக்கும் வந்து உட்கார வேண்டும். அவருக்கு நேரமில்லை என்று பதில் வந்தால், அவருக்கு நேரம் கிடைக்கும் மாதத்துக்குப் பயிற்சியையே தள்ளிவைப்பது செலவுக் கணக்கில் லாபம்.